இயந்திரம் விற்பனைக்கு இல்லை: ஜார்ஜ் டவுன் கடைவீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தில் கடைவீடுகள் வைத்திருக்கும் உரிமையாளர்களே,

சென்ற மாதம் எங்கள் வரிசையில் ஐந்து கடைகளுக்கு ஒரே நாளில் நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். எங்கள் மாவு மில்லும் அந்த ஐந்தில் ஒன்று. இரண்டு நாள் கழித்துப் புது உரிமையாளர் சார்பில் ஒரு தம்பி வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை, அஞ்சடி நடைபாதையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வாசலுக்கு மேலே இருக்கும் பெயர்ப்பலகையையும் அப்பா காலத்து அரவை இயந்திரத்தையும் விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். ஹோட்டலின் வரவேற்பறையில் வைக்கப் போகிறார்களாம். "வர்றவங்களுக்கு இந்த இடத்தோட கதை தெரியணும் இல்லையாக்கா?" என்றார்.

அவர் கேட்டபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை சத்தமாகக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கால் கிலோ மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் உங்கள் எல்லோருக்குமாக இப்போது எழுதுகிறேன். நோட்டீஸ் அனுப்பியவர் ஒருவர்தான். ஆனால் அடுத்த வரிசைக்கு அடுத்த வருடம் அனுப்பப் போகிறவர் உங்களில் யாரோ ஒருவர். கோவில் சொத்தையும் வக்பு வீடுகளையும் நிர்வகிப்பவர்கள், நகரத்தார் குடும்பங்கள், சீனச் சங்கங்கள், வெளியூரிலிருந்து வாங்கிப் போட்டவர்கள் என்று பலர் இருக்கிறீர்கள். தமிழ் படிக்கிறவர்கள் முதலில் படியுங்கள். மலாயிலும் சீனத்திலும் என் மகள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா 1956இல் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. கப்பலை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்கு வர யாரிடமும் வழி கேட்கவில்லை என்பார், காய்ந்த மிளகாய் வாசம் வந்த பக்கமாக நடந்தாராம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் பசார் தெருவைத் தமிழர்கள் இன்றைக்கும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறோம், அந்த வாசமும் இன்னும் மிச்சம் இருக்கிறது. பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் இறங்கி, லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்ற நான்கு தெருக்களுக்கு நடுவே நகரத்தைக் கட்டம் போட்டார். அதற்குச் சில வருடங்களிலேயே நம் ஆட்கள் இங்கே கடை போட்டுவிட்டார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஆயிரம் பேர் இங்கே குடியிருப்பதாகவும், வருடந்தோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து உழைத்துக் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் 1794இல் லைட்டே எழுதி வைத்திருக்கிறார். இந்த நகரம் முதலிலிருந்தே வியாபாரத்துக்காக உண்டானது. அழகு பார்ப்பதற்காக யாரும் இதைக் கட்டவில்லை. முகப்பில் பூவேலை செய்தது வியாபாரத்தில் காசு சேர்ந்த பிறகுதான்.

எங்கள் மில்லில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் துறைமுகம் என்றால் என்னவென்று தெரியும். ஆறரைக்கு நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர்கள் வருவார்கள். ஒவ்வொரு கடைக்கும் மசாலாவின் அளவு வேறு, எனக்கு எல்லாம் மனப்பாடம், ஒருவருடையதை இன்னொருவரிடம் சொன்னதில்லை. தோளில் கண்டார் கம்பு வைத்துத் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறு சுமந்து விற்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் உண்டு. எட்டு மணிக்கு மேல், மலாய்ப் பழக்கம் கலந்த சீனக் குடும்பங்களான நோஞ்ஞா வீட்டு அம்மாக்கள் வருவார்கள். மல்லியை வறுத்துக் கொண்டுவந்து, அரைத்து முடியும் வரை பக்கத்திலேயே நிற்பார்கள், அவர்களுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கல்யாண மாதங்களில் பாலேக் பூலாவிலிருந்து மலாய்ச் சமையல்காரர்கள் மூட்டையோடு வருவார்கள். அவர்களுடைய ரெம்பா மசாலாவில் போகும் சோம்பும் எங்கள் குழம்புத்தூளில் போகும் சோம்பும் ஒரே சாக்கிலிருந்துதான் எடுப்பது, அளவுதான் வேறு. புத்தகத்தில் பன்முகப் பண்பாடு என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது யார் வரிசையில் முதலில் வந்தது என்கிற சண்டை. நாலு மொழியில் நடக்கும், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இப்படி ஒரு மில் தனியாக நிற்க முடியாது. மிளகாய் மொத்தக் கடையிலிருந்து வர வேண்டும். சாக்கு தைக்க ஆள் வேண்டும், தராசு பார்க்க ஆள் வேண்டும், அரவைக்கல் தேய்ந்தால் கொத்திக் கொடுக்க ஒருவர் வேண்டும். அப்பா காலத்தில் இவர்கள் எல்லோரும் இருநூறு அடிக்குள் இருந்தார்கள். பெல்ட் அறுந்தால் அஞ்சடியில் நின்று ஒரு கத்துக் கத்தினால் போதும், எதிர்வரிசை இரும்புக்கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, பெல்ட்டோடு வந்துவிடுவார். காசு மாதக் கடைசியில்தான். இன்று அந்த இரும்புக்கடை காப்பிக்கடை ஆகிவிட்டது. கல் கொத்துகிறவர் வாடகை கட்ட முடியாமல் பட்டர்வொர்த் போய்விட்டார், கல்லை லோரியில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறோம். தராசுக்காரர் போனது எங்கே என்று தெரியவில்லை. ஒரு கடையைக் காலி செய்யும்போது அந்த ஒரு வீட்டுக் கணக்கைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அதை நம்பி ஓடும் பத்துத் தொழிலில் எது எப்போது நிற்கும் என்பது எங்களுக்குத்தான் தெரிகிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன், சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். 1948 ஜனவரி 31க்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966 சட்டமும் அதைத் தொடர்ந்தது. அப்பா 1999 டிசம்பர் வரை இந்தக் கடைக்குக் கொடுத்த வாடகை மாதம் 140 வெள்ளி (ரிங்கிட்). அதில் கூரை ஓடு மாற்ற முடியுமா? முடியாது. பழைய வீட்டுக்காரத் தவுக்கே முதல் தேதி வந்து வாடகையை வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு பொட்டலம் கறிமசாலாவும் எடுத்துப் போவார். அந்த மசாலாதான் அவருக்கு இதில் கிடைத்த லாபம் என்று அப்பாவே சிரிப்பார். ஐம்பது வருடம் உங்கள் குடும்பங்கள் நட்டப்பட்டது உண்மை. வாடகைக்கு இருந்த எங்களில் சிலர் அறையைத் தடுத்துத் தடுத்து உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்ததும் உண்மை.

1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு போனது. எங்கள் வாடகை ஒரே மாதத்தில் 140லிருந்து 900 ஆனது. கொடுத்தோம். எங்கள் தெருவில் கொடுக்க முடியாதவர்கள் போனார்கள். மாடியில் குடியிருந்த பாட்டிமார், பூக்கட்டுகிறவர்கள், தச்சர்கள் என்று முதலில் போனது குடியிருந்தவர்கள்தான், கடைகள் அப்புறம்தான். ஆள் போன வீடுகள் சிலவற்றில் ஒலிநாடாவைப் போட்டுக் குருவிகளை வரவழைத்து, சாப்பிடும் பறவைக்கூடு வளர்த்தீர்கள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் இரவு பகலாகக் கீச்கீச்சென்று கேட்டுக்கொண்டே இருக்கும். பாரம்பரிய வட்டாரத்தில் அது கூடாது என்று சொல்லி 2013 கடைசி வரை கெடு வைத்துத்தான் நிறுத்த முடிந்தது.

நடுவில் 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அன்றைக்கு மில்லில் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தேன், இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எதற்காகப் பட்டியலில் ஏற்றினார்கள் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். கட்டடங்கள் மட்டும் காரணமல்ல. மலாய், சீன, இந்திய, ஐரோப்பிய வழக்கங்கள் கலந்து இன்னும் உயிரோடு இருக்கிற வணிக நகரம், பல பண்பாடுகளுக்கு வாழும் சாட்சி என்பதும் அதில் இருக்கிறது. உயிரோடு இருப்பது என்றால் சுவர் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வட்டாரத்துக்குள் குடியிருப்பவர்கள் 2009 கணக்கில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர்தான். நாலு வருடம் கழித்து எண்ணியபோது அதுவும் குறைந்திருந்தது. ஆனால் வீடுகளின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பட்டியலில் ஏற்றியதற்குக் காரணமாயிருந்தவர்களே அதன் விலையைக் கட்ட முடியாமல் வெளியே போகிறார்கள் என்பது உங்களுக்கு உறுத்தவில்லையா?

2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் ஓவியம் வந்தது. அழகான படம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று படம் எடுத்திருக்கிறேன். திரும்பி வரும் வழியில் என் சைக்கிள் பஞ்சரானது. ஒட்டுவதற்குக் கடை தேடி நான்கு தெரு தள்ளிக்கொண்டு நடந்தேன். அதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்தத் தம்பி சொன்ன 'கதை' பற்றியும் ஒரு வார்த்தை. பாரம்பரியத்தை நாங்கள்தான் காப்பாற்றுகிறோம், நீங்கள் சுவரைக் கரியும் மசாலாவுமாக ஆக்கிவைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கூட்டத்தில் ஓர் உரிமையாளர் என்னிடமே சொன்னார். எங்கள் வீடு செங்கல்லும் சுண்ணாம்பும். சுவர் ஈரத்தை இழுக்கும், நடுமுற்றம் வழியாக வெயிலும் காற்றும் வந்து அதைக் காயவைக்கும், மேலே ஓட்டுக்கூரை சூட்டை வெளியே விடும். நூறு வருடத்துக்கு மேல் இப்படித்தான் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அப்பா சுண்ணாம்பு அடிப்பார், இப்போது நான் அடிக்கிறேன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி விடுதியாக மாற்றியவர்கள் முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடினார்கள், சுவருக்குச் சிமெண்ட் பூசினார்கள், ஏர்கோன் வைத்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் சிமெண்ட் உப்பி உதிர்ந்தது. வெளியே போக வழியில்லாத ஈரம் பொதுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு இறங்கியது. பழுதுபார்த்து முடித்த அன்று போட்டோவில் அது மிக நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை என்பதும் தெரியும். நீல மாளிகை என்கிற சியோங் பாத் சீ மாளிகையைப் பழுதுபார்த்த முறைக்கு யுனெஸ்கோ விருதே கொடுத்தது. தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பதற்குத்தான் பலருக்கு நேரமில்லை.

அதே விடுதியில் தங்கியிருந்தவர்கள் காலை ஆறரைக்கு மில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் கொடுத்தார்கள். ஓர் அலுவலர் வந்து அளந்துவிட்டுப் போனார். 'பழைய துறைமுக நகரின் துடிப்பை உணருங்கள்' என்று அந்த விடுதியின் விளம்பரத்தில் போட்டிருக்கிறது. துடிப்பு ஒன்பது மணிக்கு மேல் இருந்தால் தேவலை போல.

வருமானம்தான் காரணம் என்றால் அதையும் பேசுவோம். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எங்கள் தெருவில் இருந்த விடுதிகள் எல்லாம் விளக்கணைத்தன. உணவுக்கான தொழில் என்பதால் நாங்கள் திறந்திருந்தோம். ஆள் குறைவு, அரைப்பது குறைவு, ஆனாலும் அந்த வருடம் பன்னிரண்டு மாத வாடகையும் தேதி தவறாமல் கட்டினேன். ரசீது எல்லாம் என்னிடம் இருக்கிறது. பக்கத்து விடுதிக்காரர் எத்தனை மாதம் கட்டினார் என்று அதன் உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள். சுற்றுலா நல்ல வாடகைக்காரர்தான், வந்தால். மிளகாய் அரைக்கிறவர்கள் எப்போதும் வருவார்கள்.

உங்களில் கோவில், பள்ளிவாசல் சொத்துகளை வைத்திருப்பவர்களிடம் இதைத் தனியாகக் கேட்க வேண்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அந்த நிலம் துறைமுகத்துக்கு வந்த ஆட்களுக்காகக் கிடைத்தது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு தெருக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கிளம்பும்போது சீனர்களும் மூட்டை மூட்டையாகத் தேங்காய் வாங்கி வீதியில் உடைக்கிறார்கள். குடியும் கடையும் இல்லாத தெருவில் ரதத்தை நிறுத்தி அர்ச்சனை செய்ய யார் இருப்பார்கள்? ஹோட்டல் பணியாளர்களா? சந்தையில் என்ன வாடகை போகிறதோ அதையே நாங்களும் வாங்க வேண்டும் என்று ஓர் அறங்காவல் கணக்குப்பிள்ளை என்னிடம் சொன்னார். தனியார் சொன்னால் புரிந்துகொள்கிறேன். தர்மச் சொத்தும் அதையே சொன்னால் எப்படி?

சரி, நான் கேட்பவை இவை.

காலி செய்யச் சொல்வதாக இருந்தால் குறைந்தது ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள். மூன்று மாதத்தில் ஒரு மில்லை நகர்த்த முடியாது. மின்சார இணைப்பு, உரிமம், மோட்டாருக்குக் காங்கிரீட் தளம் என்று அனுமதி வாங்கவே அதற்குமேல் ஆகும். பத்து வருடத்துக்கு மேல் ஒரே தொழில் செய்கிறவர்களுக்கு ஐந்து வருடக் குத்தகை எழுதிக் கொடுங்கள், வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதை முதலிலேயே அதில் போட்டுவிடுங்கள். ஏறக்கூடாது என்று நான் சொல்லவில்லை, இப்போது 3,200 கட்டுகிறேன், 3,800க்கு இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். எவ்வளவு என்று தெரியாமல் வருடாவருடம் காத்திருப்பதுதான் எங்களால் முடியவில்லை.

விடுதி கட்டுங்கள், ஆனால் மாடியில் கட்டுங்கள். கீழ்த்தளத்தைத் தொழிலுக்கு விடுங்கள். கடைவீடு என்ற பெயரே கீழே கடை, மேலே வீடு என்பதால் வந்தது. அப்படிச் செய்கிற உரிமையாளருக்கு வீட்டுவரியில் சலுகை வேண்டும் என்று அதிகாரிகளிடம் கேட்க நாங்களும் உங்களோடு வந்து நிற்கிறோம். பழுதுபார்க்கும்போது பொதுச்சுவரில் சிமெண்ட் வேண்டாம், முற்றத்தை மூட வேண்டாம், வேலை தொடங்குமுன் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வரைபடத்தைக் காட்டுங்கள். தர்மச் சொத்து நிர்வாகங்கள் தங்கள் வீடுகளில் எத்தனை இன்னும் தொழிலுக்கும் குடியிருப்புக்கும் இருக்கின்றன என்ற கணக்கை வருடம் ஒருமுறை வாசலில் ஒட்டுங்கள்.

வெளியேற்றியவர்களின் பெயர்ப்பலகையை உங்கள் விடுதியில் மாட்டாதீர்கள். எங்களுடையதை நான் தர மாட்டேன். இயந்திரத்தையும்தான்.

எங்கள் வரிசையின் புது உரிமையாளருக்கு: நோட்டீஸ் கெடுவை இந்தப் பேச்சு முடியும் வரை எழுத்தில் நிறுத்திவையுங்கள். வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து கடைக்காரர்களும் மில்லில் இருப்போம். அன்று அரவை இல்லை, பேசினால் கேட்கும். வக்கீலையும் அந்தத் தம்பியையும் அனுப்பாமல் நீங்களே வாருங்கள். பழைய தவுக்கே வந்தால் உட்காரும் ஸ்டூல் இன்னும் அதே மூலையில்தான் கிடக்கிறது.

கடைத்தெரு மாவு மில்லிலிருந்து,
மில்லுக்காரர் மகள்